இடக்காது மப்பு

ஐயம்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்றால் சத்யராஜை விட்டால் ஆளில்லை. அவனே சொல்லிக்கொள்வதுதான் இது, ஆனாலும் ஊர் மறுத்ததில்லை. மீட்டரெல்லாம் அவனுக்கு அப்புறம். முதலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக் கேட்பான். ஸ்பீக்கர்களை இடக்காது, வலக்காது என்றுதான் சொல்வான். "இடக்காது மப்பா இருக்குது சார்" என்றால் இடப்பக்கச் சத்தம் மங்கலாக வருகிறது என்று அர்த்தம். "கோளாறு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா பாதி ரிப்பேர் முடிஞ்சுது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான்.

திருப்பருத்திக்குன்றத்து விமலநாதன் தன் வீட்டு ஸ்டீரியோவைக் கொண்டுவந்து இறக்கினார். போட்டவுடன் நன்றாகப் பாடுகிறதாம், சூடேறினால் கரகரக்கிறதாம்.

"மேல எதுனா போத்தி வெச்சிருந்தீங்களா சார்?"

"வீட்ல கௌசல்யா பட்டுத்துணி போட்டு வெச்சிருந்தாப்பா. தூசி படக்கூடாதுன்னு."

"நல்லா இருக்குது! நம்ம ஊர்லதான் சார் ஆம்ப்ளிஃபயருக்குப் பட்டு கட்டுவாங்க. அதுக்கு இன்னா கல்யாணமா? மூச்சு முட்டாது?"

சூட்டில் விட்டுப்போன ஓர் ஈயப் பற்றைச் சரிசெய்தான். கரகரப்பு போய்விட்டது. விமலநாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சத்யராஜ்தான் விடவில்லை.

"இருங்க சார். சூடேறினப்புறம் இடக்காது மப்பாவுது. கேக்கலியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியேப்பா."

"எனக்குத் தெரியுதே! வெச்சிட்டுப் போங்க."

பாவம், வயசாகிவிட்டது, மனுஷனுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டான். அட, என்ன திமிர் பாருங்கள்!

அவனுக்கு ஒரே வழிதான், மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஸ்பீக்கர்களை இடம் வலமாக மாற்றினான். கோளாறு ஸ்பீக்கரில் இருந்தால் மப்பு வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கரில் குற்றமில்லை. ஒயர்களை மாற்றினான், அப்போதும் இடப்பக்கமே மப்பு. கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தான். ஆரம்பத்தில் கணீரென்று பாடியது. கொஞ்ச நேரம் போனதும் இடப்பக்கத்தில் அதே சனியன் வந்து உட்கார்ந்தது. சுவர்தான் சத்தத்தைத் தின்கிறது என்று பீரோவை நகர்த்தினான்.

அவன் பெண்டாட்டி கிரேஸ் டீயோடு வந்து நின்றாள். "யோவ், செட்டு ரிப்பேரா, நீ ரிப்பேரா? பக்கத்துல நின்னு கூப்பிட்டுக்கினே கீறேன், காதுலயே வாங்க மாட்டேன்ற!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சத்யராஜ் திரும்பிப் பார்த்தான். அவள் நின்றது இடப்பக்கம். அவன் இன்னும் மாற்றிப் போட்டுப் பார்க்காதது ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது.

நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பாட்டை ஓடவிட்டான். "கர்த்தரே, அது நகரக்கூடாது" என்று வேண்டிக்கொண்டான். நகர்ந்தது. இத்தனை நேரம் தெளிவாகப் பாடிய வலது ஸ்பீக்கர் இப்போது மப்பாகிவிட்டது. மப்பு அவனோடு கூடவே திரும்பியிருந்தது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

ஆடி மாசக் கூழ் ஊற்றல், தேர்த் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா என்று எங்கே ரேடியோ செட்டு கட்டினாலும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தன் இடப்பக்கத்தைக் காட்டியே உட்கார்ந்தவன். அந்தக் காதுதான் இப்போது சூடேறினால் மங்குகிறது. அழுதுவிட்டான். கையோ காலோ போயிருந்தால்கூட நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பிழைத்திருப்பான்.

"டாக்டராண்ட போலாம்பா" என்றாள் கிரேஸ், சிரிப்பெல்லாம் போய்.

"அவுரு இன்னா பண்ணுவாரு? ஈயம் வெச்சு ஒட்டுறதுக்கு இது போர்டா?"

மறுநாள் விமலநாதன் வந்தார். "கோளாறு எங்கன்னு தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது சார். செட்டுல ஒண்ணும் இல்ல. எடுத்துக்கினு போங்க. பட்டு மட்டும் போத்தாதீங்க."

"அப்புறம் என்ன, பாதி ரிப்பேர் முடிஞ்சுது!" என்று அவன் பேச்சையே அவனுக்குத் திருப்பிச் சொல்லித் தோளில் தட்டினார்.

அவர் நின்றது வலப்பக்கம். சத்யராஜுக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.