கொடி கட்டும் மாதம்

கல்யாண மண்டபத்துக்கு அலங்காரம் செய்தால் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் குறை சொல்வார்கள். தேசிய தினத்துக்குக் கடை அலங்காரம் செய்தால் ரோட்டில் போகிற அத்தனை பேரும் குறை சொல்வார்கள். ஏணி மேல் நின்று, வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு, கீழே நிற்கும் முதலாளி "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு" என்பதைக் கேட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்களும் கேளுங்கள். கீழே நின்று லெஃப்ட்டு ரைட்டு சொல்பவர் இல்லாத தொழில் எது?

நானும் என் வீட்டுக்காரரும் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கில் இருக்கிறோம். வருஷம் முழுக்கக் கல்யாண மேடை, பிறந்தநாள் பலூன். ஆகஸ்டு பிறந்தால் ஜொகூர் முழுக்கக் கடை கடையாகக் கொடி. "கொடி கட்டினா ஆள் வருமா?" என்று கேட்காத முதலாளியே இல்லை. வரும். கொடியைப் பார்க்க வரமாட்டார்கள், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். படம் எடுத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், ஒரு சட்டை வாங்கலாமே என்று தோன்றும். இதுதான் என் தொழில் ரகசியம்.

இந்த ஆகஸ்டில் மட்டும் எனக்கு வேலையில் மனம் இல்லை. எங்கள் ஒரே மகள் தர்ஷினி எட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அந்த ஊர்க் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாள். சம்மதம் என்று கடிதம் வந்துவிட்டது. இனி நம் நாட்டுக் குடியுரிமையை விட்டுவிடுகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதா வேண்டாமா என்று அவளுக்கே குழப்பம். "மாசக் கடைசியில வீட்டுக்கு வந்து சொல்றேன் மா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு மாதம் முழுக்க நான் ஊருக்கெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே துணி, இரண்டு திருநாள்

ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் போகிற பாலத்துக்குப் பக்கத்தில் ஜமால் பாயின் துணிக்கடை. ஆகஸ்டு ஒன்பது சிங்கப்பூரின் தேசிய தினம். அங்கே லீவு விட்டால் கூட்டம் சாமான் வாங்க இங்கேதான் வரும். அதனால் மாத ஆரம்பத்திலேயே வாசல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணியை மடித்துக் கட்டச் சொல்வார். தங்கள் ஊர் நிறத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

பத்தாம் தேதி காலையில் அதை அவிழ்க்கப் போனோம். ஜமால் பாய் ஓடி வந்து தடுத்தார். எதற்கு அவிழ்க்க வேண்டும், அதோடு நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்தால் நம்ம முப்பத்தொன்றாம் தேதி தேசிய தினத்துக்கு ஆச்சே என்றார். அரை நாளில் வேலை முடிந்தது. ஏணியிலிருந்து பார்த்தால் பாலத்து வழியாகப் போகிற பஸ்கள் தெரியும். அதில் ஒன்றில்தான் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பையோடு அவளை ஏற்றி அனுப்பினேன். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, ஜமால் பாய் இடுப்பில் கை வைத்துக் கடையை அழகு பார்த்தார். "பாத்தீங்களா கா, ரெண்டு கலர் கூட்டினதும் நாடே மாறிடுச்சு. அவ்ளோ ஈசி லா!"

ஒரு முனை குறைந்த நட்சத்திரம்

எங்கள் ஊரில் ஹைவே இறங்குகிற இடத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படப்பலகை வைத்தோம். பின்னால் கொடியின் பதினான்கு கோடுகள், நடுவில் நுரை அட்டையில் வெட்டிய பிறையும் நட்சத்திரமும். கோலாலம்பூர் போகிறவர்கள் காலை நீட்டி நிமிர்த்த இறங்கி, அதைப் பார்த்ததும் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, பிறகு "சரி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று உட்கார்ந்தார்கள். டீ குடிக்க உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போடுவது கடைக்காரர் கெட்டிக்காரத்தனம்.

மூன்றாம் நாள், அங்கே தினமும் தோசை சாப்பிட வரும் பாலசிங்கம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பூர்வீகம் யாழ்ப்பாணம். தோசை வரும்வரை சும்மா இருக்க முடியாமல் நட்சத்திரத்தின் முனைகளை எண்ணியிருக்கிறார். பதினான்கு இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது. அலமாக்! அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அதன் முன்னால் பல்லைக் காட்டி நின்றுவிட்டுப் போய்விட்டன. நட்சத்திரத்தை வெட்டியவர் என் வீட்டுக்காரர். கொடி விஷயத்தில் அவர் கை தவறியதே இல்லை. ஆனால் அன்றைக்கு வெட்டும்போது போனில் தர்ஷினி. "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று அவள் கேட்க, இவர் "உனக்கு எது நல்லதோ அதச் செய்யிம்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டினார். எண்ணிக்கை தப்பாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொல்ல முடியுமா? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பலகையைக் கழற்றினேன். அவர் திட்டவில்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ஒண்டு குறையுது பிள்ளை. பதின்மூண்டும் வடிவாத்தான் இருக்கு. ஆனா கண் அந்த இல்லாத ஒண்டிலதான் போய் நிக்குது."

முன்கூட்டியே தீபாவளி

இது சின்னது. ஒரு மளிகைக் கடைக்காரம்மா, அலங்காரத்தை எப்போது கழற்றலாம் என்று நான் கேட்டதற்கு, கழற்றவே வேண்டாம் என்றார். செப்டம்பர் பதினாறு மலேசியா தினத்துக்கும் அதுவே இருக்கட்டும், அப்புறம் அதன் மேலேயே தீபாவளி விளக்கை மாட்டிவிடுகிறேன் என்றார். நான் போன வருஷம் கட்டியதும் அப்படியே கிடந்து வெளுத்துப் போனதை ஞாபகப்படுத்தினேன். கிழிந்த கொடியைத் தொங்க விடுவது மரியாதையில்லை என்றும் சொன்னேன். அந்தம்மா கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நாட்டு மேல பாசம் ஒரு மாசந்தான்னு சட்டமா கா?"

நாடு திரும்பியவர்

ரெங்கத்தில் சேகர் என்று ஒருவர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். கறுப்பு எண்ணெய்க் கறை படிந்த இடத்துக்கு எதற்கு அலங்காரம் என்று இத்தனை வருஷமாக மறுத்தவர், இந்த வருஷம் மனைவி சொல்லைக் கேட்டுக் கூப்பிட்டார். கூரை ஓரம் முழுக்கச் சின்னக் கொடிகள், தூணில் ஜொகூர் கொடி ஒன்று. மறுவாரம், வண்டியில் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலம் போன இளைஞர் கூட்டம், நல்ல இடமாக இருக்கிறதே என்று அங்கே நிறுத்திக் காற்றடித்தது. பாதிப் பேர் எண்ணெய் மாற்றினார்கள். சேகருக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷமாக ரோட்டோரம் இருக்கும் கடை இப்போதுதான் ஊர்க்காரர்களுக்கே தெரிகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பேச்சு வாக்கில், கடை வைக்கும் முன் பத்து வருஷம் சிங்கப்பூரில் வேலை செய்தேன் என்றார். ஜேபியில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் பைக்கில் பாலம் தாண்டிப் போய் வந்தவர். அங்கேயே தங்கிவிடச் சொல்லி முதலாளி கெஞ்சியும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டாராம். எனக்கு உடம்பே சிலிர்த்தது. இவர் சொல்லப் போவதை அப்படியே மகளுக்கு போனில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஏணியிலிருந்து இறங்கி வந்து, ஏன் தம்பி திரும்பி வந்தீங்க, பிறந்த மண்ணு மேல இருந்த பற்றுதானே என்று கேட்டேன். சேகர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அதெல்லாம் இல்ல கா. முதுகு வலி."

மூவாரில் ஒரு வரவேற்பறை

மூவாரில் ஒரு பெரிய நாற்காலி, மேசைக் கடை. அதன் முதலாளி ஆ லியோங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். கடை வாசலில் ஒரு வீட்டு வரவேற்பறையையே உண்டாக்கிக் கொடு என்றார். நீளமான சோபா, எதிரே பழைய அணிவகுப்பு ஓடுகிற டிவி, மேசையில் பலகாரத் தட்டு, சுவரில் கொடி, குஷன்களுக்குக் கொடி நிறத்தில் உறை. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து தேசிய தின அணிவகுப்பைப் பார்க்கிற மாதிரி.

நன்றாகத்தான் செய்தேன். அளவுக்கு மீறி நன்றாக வந்துவிட்டது. வேலை முடிந்ததும் காலோய்ந்து அந்த சோபாவில் உட்கார்ந்தேன். தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கும். பாய் விரித்து மூவரும் படுத்துக்கொண்டே அணிவகுப்பைப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தால் எழுந்து நின்று கூடவே நடப்பாள். ஏங்கிப் போய்விட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குள் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த ஒரு வயதான தம்பதி எழுந்திருக்கவே இல்லை, கடைசியில் அந்த நீள சோபாவுக்கே முன்பணம் கட்டிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் இரண்டே பேர்தானாம், எதற்கு இவ்வளவு பெரியது என்று ஆ லியோங்கிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய இரண்டு பையன்களும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். "எப்பவும் பெருசுதான் தங்கச்சி மொதல்ல விக்கும். பிள்ளைங்க வருவாங்கன்னு நெனச்சுத்தான எல்லாரும் வாங்கறான்."

எங்கள் வீட்டு வாசல்

முப்பத்தொன்றாம் தேதி. கட்ட வேண்டிய கடையெல்லாம் கட்டி முடித்தாயிற்று. சிங்கப்பூரில் அன்று வேலை நாள். லீவு எடுத்துக்கொண்டு காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கினாள் தர்ஷினி. டிவியில் அணிவகுப்பு ஓடியது. நாசி லெமாக்கை ரசித்துச் சாப்பிட்டாள், அப்பாவின் நரைத்த மீசையைக் கிண்டல் செய்தாள். முடிவு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "மா, என் சூராட் பெரானாக் எங்க வச்சிருக்கீங்க?" என்றாள். அவளுடைய பிறப்புப் பத்திரம். குடியுரிமையை விடுகிறவர்கள் அதன் அசலையும் எடுத்துப் போக வேண்டும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில், ஒரு மடிப்புக்கூட விழாமல் வைத்திருந்தேன். இங்கே குளுவாங் ஆஸ்பத்திரியில் பிறந்தாள் என்று அதில் எழுதியிருக்கிறது. போகாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளுக்கு அங்கே நல்ல வேலை. கட்டிக்கொள்ளப் போகிறவனும் அங்கே. சொந்தமாக வீடு வாங்கலாமாம். அவள் பக்கம் இத்தனை நியாயம் இருக்க, என் பக்கம் ஆசை மட்டும்தான் இருந்தது. அதனால் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வேன் கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், வேனில் மிஞ்சிக் கிடந்த ஒரு கொடியை எடுத்து எங்கள் கேட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். பிறை மேலே, சுருக்கம் இல்லாமல், நான் சொல்லிக் கொடுக்காமலே நான் கட்டுகிற மாதிரி. இந்தத் தொழிலுக்கு வந்த இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு என்று நாங்கள் ஒரு கொடி கட்டியதில்லை, நேரம் இருந்ததில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஊர்க் கடைக்கெல்லாம் கட்டறீங்க. நம்ம வீட்டுக்கு யாரு மா கட்டறது?"

கொடி கட்டினால் கடைக்கு ஆள் வரும் என்று எந்த முதலாளியிடமும் நான் சத்தியம் செய்வேன். வீட்டுக்கு வந்த ஆள் திரும்பிப் போகாமல் இருக்க என்ன கட்ட வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், என்னிடம் ஏணி இருக்கிறது, கயிறு இருக்கிறது, அடுத்த ஆகஸ்டு வரை நேரமும் இருக்கிறது.