எமகண்டத்துக்கு முன்னால் பத்தடி

ட்ரக் தொழிலில் ஓட்டுகிறவருக்கு முதுகுவலி, ஆபீசில் உட்கார்ந்து பாதுகாப்பு விதி பார்க்கிறவளுக்குத் தலைவலி. என்னைப் போன்ற தலைவலிக்காரர்கள் இதைப் படிக்கும்போது, 'அட, நம்ம கதைதான்!' என்று ஒரு தடவையாவது சொல்வார்கள்.

எங்களுக்கு ஐந்து ட்ரக். மெல்பர்ன் பக்கம் டான்டினாங்கில் டெப்போ, கிரான்பர்னில் வீடு. என் வீட்டுக்காரர் செல்வம் முதலாளி, தேவைப்பட்டால் டிரைவர். நான் கம்ப்ளையன்ஸ். அதாவது எல்லாரிடமும் திட்டு வாங்கும் பதவி. மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு எங்களுக்கு முக்கால்வாசி லோடு கொடுப்பது ஒரே ஒரு உணவுக் கம்பெனிதான். வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் ஆடிட்டரை அனுப்புவார்கள். எங்கள் புத்தகங்களில் ஒரு பொய் அகப்பட்டாலும் ஒப்பந்தம் போச்சு, ஐந்து ட்ரக்கும் டெப்போவில் வெயில் காய வேண்டியதுதான். போன வருஷம் அந்த ஆய்வுக்கு முன்னால் நடந்தவை இவை.

பல்பும் புருஷனும்

ஒரு நாள் காலையில் செல்வமே வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்து டிக் போடும் தாளில் எல்லாம் சரி என்று போட்டிருந்தார். நான் வெளியே போய்ப் பார்த்தால் டிரெய்லரின் பக்கவாட்டு விளக்கு ஒன்று எரியவில்லை. "ஒத்த பல்புக்கு யாரு கேக்கப் போறா?" என்றார். நான் கேட்டேன். சாவியைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பல்பு மாற்ற இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் இரண்டு டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சாவியைத் திருப்பி வாங்கும்போது மனுஷன் முணுமுணுத்தார்: "வீட்லதான் நீ சொல்றதக் கேக்குறேன், இங்கயுமா?"

கெவினும் சந்தனமும்

ஆயுத பூஜைக்கு ஐந்து ட்ரக்குக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எங்களிடம் பத்து வருஷமாக ஓட்டும் கெவினுக்கு எங்கள் விசேஷம் என்றால் உயிர். நாங்கள் சுண்டல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சந்தனக் கிண்ணத்தைக் கையில் வாங்கியவர், விளக்கு, ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட் என்று ஒன்று விடாமல் மூன்று விரலால் பட்டை போட்டுவிட்டார். மறுநாள் ஹியூம் நெடுஞ்சாலையில் சோதனைக்கு நிறுத்தினார்கள். பின்னால் இருந்த எண்ணில் பாதியைக் காணோம்.

நல்லவேளை, எச்சரிக்கையோடு விட்டார்கள். கெவின் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணித் துடைத்துவிட்டு வந்தார். அன்றைக்கே எங்கள் டிக் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: 'பொட்டு, பம்பரில் மட்டும்.' ஆஸ்திரேலியாவிலேயே இப்படி ஒரு வரி உள்ள தாள் எங்களுடையதாகத்தான் இருக்கும், பெருமையாகவே சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு கெவின் சொன்னார்: "உங்க சாமிக்கு நம்பர் பிளேட் தேவையில்ல, சரி. போலீசுக்குத் தேவைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

ஒரே ஒரு பேலட்

சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், பொங்கலுக்கு முன்னால் இன்னும் ஒரு பேலட், அதாவது ஒரு மரத்தட்டு நிறைய, அரிசி ஏற்றச் சொன்னார். ஏற்றினால் பின் அச்சில் எடை மீறும், முடியாது என்றேன். நான் திருச்சி, அவர் தஞ்சாவூர் என்று சொந்தம் கொண்டாடிப் பார்த்தார். நான் அசையவில்லை. போனை வைக்கும் முன் சொன்னார்: "நம்ம ஆளுன்னு உங்ககிட்ட வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

சிவம் அண்ணையின் பயணம்

சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் டிரைவர்களிலேயே நிதானமானவர். பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூட விளக்க மாட்டார். ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை ஏழரைக்கு சிட்னிக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள யாஸ் பக்கத்திலிருந்து போன் பண்ணினார். அந்த உணவுக் கம்பெனியின் லோடு. பதினொரு மணிக்கு சிட்னியில் இறக்க வேண்டும்.

"தங்கச்சி, இப்ப வெளிக்கிடுறன். ஆறு மணிக்கு எமகண்டம் துவங்கினதெல்லோ, அதுக்கு முதலே ஆறுக்குப் பத்து இருக்கேக்க வண்டியை ஒரு பத்தடி நகர்த்திப் போட்டன். பயணம் நல்ல நேரத்தில துவங்கியாச்சு!"

நான் மணியைக் கூட்டிப் பார்த்தேன். முந்தின இரவு அவர் வண்டியை நிறுத்தியது பதினொன்றே காலுக்கு. தொடர்ந்து ஏழு மணி நேரம் வண்டி அசையாமல் நின்றால்தான் சட்டப்படி அது ஓய்வு. ஆறேகால் வரை சும்மா தூங்கியிருந்தால் போதும். இந்த மனுஷன் இருபத்தைந்து நிமிஷம் முன்னால் எழுந்து, நல்ல நேரம் பார்த்து ஓய்வைக் கெடுத்து வைத்திருக்கிறார். இனி ஏழு மணி நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

"வேலை நேர டயரியில எழுதினீங்களா அண்ணை?"

"இல்லை. பத்தடிதானே!"

பக்கத்தில் நின்ற செல்வத்தின் முகம் வெளுத்துவிட்டது. "கீதா, லோடு லேட்டானா ஆடிட் வரைக்கும்கூட நம்மள வச்சிருக்க மாட்டாங்க. பத்தடி யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன்? ஆனால் அதை விட்டால் அடுத்த தடவை பத்து கிலோமீட்டரை விடச் சொல்வார்கள், நானும் விடுவேன். "எனக்குத் தெரியுமேங்க" என்றேன்.

சிவம் அண்ணையை நடந்ததை அப்படியே எழுதவைத்து, ஒரு மணி வரை அசையாமல் படுக்கச் சொன்னேன். கம்பெனிக்கு போன் போட்டு, லோடு ஐந்து மணி நேரம் தாமதம், ஓய்வு கெட்டுவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். "ஆய்வில் பேசிக்கொள்ளலாம்" என்று வைத்துவிட்டார்கள். திரும்பவும் அண்ணையைக் கூப்பிட்டு, படுத்துவிட்டாரா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எமன் விட்டாலும் நீர் விடமாட்டீர், தங்கச்சி."

ஹெலன் கேட்ட கேள்வி

ஆடிட்டர் ஹெலன் சிரிக்காத பெண்மணி. காலையிலிருந்து டிரைவர்களின் டயரிகளை ஒரு பக்கம், வண்டிகளில் உள்ள ஜிபிஎஸ் பெட்டியின் பதிவுகளை ஒரு பக்கம் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வம் நாலு தடவை காபி கொடுத்துவிட்டார். மதியம் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தப் பத்தடி எதற்கு?" என்றார்.

எமகண்டத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். நான் திக்கித் திணற, சிவம் அண்ணையே வந்து காலண்டரை விரித்துக் காட்டினார். கதவோரம் செல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெலன் கேட்டுவிட்டுப் பதிவுத் தாளை என் பக்கம் திருப்பினார். ஆறுக்குப் பத்து இருக்கும்போது என்ஜின் ஒரு நிமிஷம் ஓடியது அதில் பதிவாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று காலையில் அந்தப் பெட்டி என் நினைவுக்கே வரவில்லை.

பேனாவை எடுத்து ஒப்பந்தத்தைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார் ஹெலன். செல்வம் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வாசல் வரை போன ஹெலன் திரும்பி நின்று சொன்னார்: "இந்தப் பத்தடி டயரியில் இல்லாமல் இருந்திருந்தால், மற்ற பக்கங்கள் எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

ஐந்து ட்ரக்கும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. எமகண்டத்துக்கு முன்னால் பத்தடி நகர்வது இப்போது வண்டி அல்ல, சிவம் அண்ணையின் பூட்ஸ் மட்டும்தான்.