சனிக்கிழமை லுங்கி

ஊருக்கெல்லாம் துணி எடுத்துப் போட்டாலும் தன் உடம்பில் என்ன துணி இருக்கணும்னு தான் முடிவு பண்ண முடியாத தொழில், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் வேலை. நாள் பூரா நின்னு கால் வீங்குகிற சக ஜீவன்களே, நீங்களே நியாயம் சொல்லுங்க.

உத்தரவு

திருத்தணியில் எங்க கடையில் ஆறு வருஷமா லுங்கிப் பிரிவு என்னுது. வெயிலோ மழையோ, மெரூன் சட்டை, கறுப்பு பேண்ட். திடீர்னு சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு: சனிக்கிழமை யூனிஃபார்ம் வேண்டாம், கேஷுவல் டிரெஸ். மேனேஜர் எங்களை வரிசையா நிறுத்திச் சொன்னதை எழுத்து பிசகாமல் சொல்றேன்: "வீட்ல எப்படி இருப்பீங்களோ, அப்படியே வாங்க."

மலையிறங்கி வந்த அம்மா

முதல் சனிக்கிழமை கோடு போட்ட சட்டையில் போனேன். மொட்டைத் தலையும் சந்தனமுமா குடும்பம் குடும்பமா மலையிலிருந்து வந்துகினு இருந்தாங்க. ஒரு அம்மாகிட்ட, என்ன பார்க்கிறீங்கன்னு பணிவாத்தான் கேட்டேன். யூனிஃபார்ம் இல்லாம நான் கடைக்காரன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பையை இறுக்கிப் பிடிச்சுகினு முறைச்சாங்க. "நான் இன்னாத்தையோ பார்க்கிறேன், உனக்கின்னா? போய் உன் பொண்டாட்டிக்கு எடு."

வாசல் பஞ்சாயத்து

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டில் நான் கட்டுறது எங்க வீட்டுத் தறியில் எங்கப்பா, அதான் எங்க நைனா, நெய்த லுங்கிதான். அடுத்த சனிக்கிழமை அதையே இஸ்திரி போட்டுக் கட்டிகினு பஸ் ஏறினேன்.

வாசல்லயே மேனேஜர் மறிச்சிட்டார். கேஷுவல்னா ஜீன்ஸாம், டீ-ஷர்ட்டாம். லுங்கி கட்டினா கடை மானம் போயிடுமாம். மாத்திகினு வா, இல்லைன்னா ஆப்சென்ட்னார். மூணு அலமாரி லுங்கியை ஆறு வருஷமா புகழ்ந்து வித்தவன் நான். எங்கப்பா நெய்ததை நான் கட்டினா அசிங்கமா? நகர மாட்டேன்னு நின்னேன். அப்போ உள்ளே நுழைஞ்ச பள்ளிப்பட்டு விவசாயி ஒருத்தர் என் லுங்கியை நிதானமா பார்த்துட்டு மேனேஜர்கிட்டயே கேட்டார்: "இந்தத் தம்பி கட்டிகினு இருக்குதே, இதுல நாலு எடுங்க."

புதுச் சட்டம்

அவர் புண்ணியத்துல எனக்கு ஆப்சென்ட் போடலை. ஆனா மேனேஜர் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இனிமே சனிக்கிழமைதோறும் நான் லுங்கிதான் கட்டணுமாம். அதுவும் நைனா நெய்தது கூடாதாம். கடைச் சரக்குதான், லேபிள் வெளியே தெரியணும், சாயங்காலம் அவிழ்த்து ஒப்படைச்சிட்டுப் போகணும்! புடவைப் பிரிவு அமுலு அக்காகிட்ட கொட்டித் தீர்த்தேன். அக்கா புடவை மடிக்கிறதை நிறுத்தவே இல்லை. "உன் இஷ்டத்துக்கு விட்டாங்கன்னு நம்பினியே, அதான்டா தப்பு."

ஒரே யூனிஃபார்மோட நிம்மதியா இருந்தவனுக்குச் சுதந்திரம் கொடுத்து ரெண்டாக்கிட்டாங்க.