எறும்பு வராத கோலம்

மார்கழி பிறந்ததிலிருந்து சவரிநாதன் விடிந்தும் விடியாததுமாகத் தெருவில் குப்புறப் படுத்துக் கிடந்தார். முதல் நாள் பார்த்தவர்கள் பதறினார்கள். பால்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோளைப் பிடித்துப் புரட்டினார். "யோவ், ஃபோகஸ் போச்சுய்யா!" என்று சவரிநாதன் அவர்மேல் எரிந்து விழுந்தார். இரண்டாம் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடிக்காமல், நீட்டிக் கிடந்த அவர் காலைச் சுற்றி வண்டியை ஒடித்துக்கொண்டு போனார்கள். ஐம்பத்து நான்கு வயது, வஞ்சனையில்லாத தொப்பை, இடுப்பில் கைலி, காதைச் சுற்றி மப்ளர், நெஞ்சுக்கடியில் மடித்துப் போட்ட ஒரு சாக்கு, முகத்துக்கு நேரே தரையோடு தரையாக ஒரு மிரர்லெஸ் கேமரா. இப்படி ஒரு மனிதர் தினமும் கிடந்தால் தெரு என்ன செய்யும், வேகத்தடையாக எடுத்துக்கொண்டது.

கேமரா மகள் ஆன்லினுடையது. சென்னையில் வேலை கிடைத்துப் புதிதாக ஒன்று வாங்கியவள், பழையதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணம், திருவிழா என்று நாலு படம் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பார் என்று நினைத்திருப்பாள். அவரோ சொந்தக்காரர்களை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒருத்தரும் சொன்னபடி நிற்பதில்லை என்று கோபித்துக்கொண்டு, மேக்ரோ லென்ஸ் ஒன்றை வரவழைத்துப் பூச்சிகளுக்கு மாறிவிட்டார். பூச்சிகள் மட்டும் சொன்னபடி நின்றனவா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நெரவி வரப்பில் தட்டான், கிளிஞ்சல்மேட்டு மணலில் நண்டுக்குஞ்சு, குளியலறை மூலையில் சிலந்தி. எல்லாம் தரைமட்டத்தில் இருந்துதான். நின்றுகொண்டு எடுத்தால் பூச்சியின் முதுகுதான் கிடைக்கும், அதன் கண்ணுக்கு நேராக நம் கண்ணை இறக்கினால்தான் அது படம் என்பது அவர் கட்சி. ஃபிளாஷ் வெளிச்சம் கூசாமல் இருக்க வெள்ளைக் காகிதம் ஒன்றை முன்னால் ஒட்டியிருந்தார். அது பரணில் இருந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கிழித்து எடுத்தது என்பது மனைவி அமலராணிக்கு டிசம்பர் முதல் தேதிதான் தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்கவில்லை.

பிழைப்புக்கு அவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவர். குழந்தை ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பிறந்தது என்று சீட்டில் இருந்தால் ஐந்து ஐம்பத்தெட்டுதான். ஜாதகத்துக்கு நல்லது, ஆறு மணி என்று போட்டுவிடுங்கள் என்று யார் கெஞ்சினாலும் நடக்காது. "நடந்ததை எழுதுறதுதாங்க என் வேல. நடந்திருக்க வேண்டியதை எழுத வேற ஆளப் பாருங்க" என்பார். நல்ல குணம்தான். ஆனால் அதை அலுவலகத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வரத் தெரியாது அவருக்கு.

இந்த மார்கழிக்கு அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு படம். எதிர்வீட்டுப் பங்கஜவல்லியின் கோலத்திலிருந்து ஓர் எறும்பு மாவுத் துணுக்கைக் கவ்விக்கொண்டு போக வேண்டும். பங்கஜவல்லிக்கு அறுபத்தாறு வயது. தெருவிலேயே பெரிய கோலம் அவருடையது. "பச்சரிசி மாவத் தவிர வேற எதையும் இந்தக் கை தொட்டதில்ல. தெனம் ஆயிரம் சீவன் நம்ம வாசல்ல பசியாறுது" என்று அவர் சொல்லிச் சொல்லி, தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக்கூட மனப்பாடம்.

ஆறு நாள் ஆயிற்று. ஒரு சீவன்கூடப் பசியாறவில்லை. எறும்புகள் வரிசையாக வந்தன, கோலத்தின் ஓரத்தில் ஒரு நொடி நின்றன, மீசையை ஆட்டின, சுற்றிக்கொண்டு போய்விட்டன. சவரிநாதன் முதலில் ஃபிளாஷைச் சந்தேகப்பட்டார். அடுத்து தன் தேங்காயெண்ணெய் வாசனையைச் சந்தேகப்பட்டு, எண்ணெய் தடவாமல் வந்து படுத்தார். ஆறாம் நாள் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. கோலத்தின் கோடு முழுக்கக் கூர் கூராக, பளபளவென்று சின்னச் சின்னக் கற்கள். அரிசியாவது ஒன்றாவது. கடையில் பாக்கெட்டில் விற்கிற கல் மாவு.

அதோடு எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். பங்கஜவல்லி அந்த நேரம் பார்த்து, கோலத்தை மெச்சிக்கொண்டிருந்த நாலு பெண்களோடு வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, எங்க வீட்டு எறும்பெல்லாம் நல்லாச் சாப்பிடுதா?"

"எங்கக்கா சாப்பிடும்? இது கல்லு மாவு" என்றார் சவரிநாதன். சொன்னதோடு விடாமல், அத்தாட்சிக்குக் கேமராவைத் திருப்பி நாலு பேருக்கும் காட்டினார்.

பங்கஜவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அந்த வாசலில் கோலம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மார்கழியில் ஒரு வாசல் வெறுமையாகக் கிடந்தால் அந்த வீட்டில் துக்கம் என்று அர்த்தம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஊருக்கு ஒரே ஆள்தான் இருந்தார், இறப்புப் பதிவு எழுதுகிறவர். மருந்துக்கடை அஜ்மீர் வண்டியை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டார்.

"சவரிண்ணே, எதுத்த வீட்ல யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல பாய்."

"வாசல்ல கோலத்தக் காணோமே?"

அன்றைக்கு மட்டும் ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அமலராணி காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு, அவர்களுடையது ஒன்றுதான். கைக்குழந்தையோடு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அவள் தவித்த நாட்கள் அவை. அந்த முதல் கிறிஸ்துமஸ் காலையில் பங்கஜவல்லி யாரும் அழைக்காமல் மாவுக் கிண்ணத்தோடு வந்து, அவர்கள் வாசலில் ஒரு நட்சத்திரக் கோலம் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை.

"அன்னிக்குத்தாங்க இது நம்ம தெருன்னு எனக்குத் தோணுச்சு. ஒரு எறும்புப் படத்துக்காக அந்த வாசலயே மூட வெச்சிட்டீங்களே. நாளன்னிக்கு நட்சத்திரம் வராதுங்க" என்று சொல்லிவிட்டு அமலராணி அழுதாள். அவள் சண்டை போட்டிருந்தால் சவரிநாதன் பதில் வைத்திருப்பார். அழுகையைப் பார்த்ததும் கேமராவைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று யோசித்து, மில்லில் கூடவே நின்று அரைத்து வாங்கிய இரண்டு கிலோ பச்சரிசி மாவைப் பையில் எடுத்துக்கொண்டு போனார். இப்படி ஒரு யோசனை அவருக்குத்தான் வரும்.

பங்கஜவல்லி பையைப் பிரித்துப் பார்த்தார். "குத்திக் காட்டுறியா தம்பி?"

"ஐயய்யோ, இல்லக்கா..."

"இரு, பாரு." அவர் ஒரு சிட்டிகை மாவை எடுத்துத் தரையில் இழுத்தார். விரல்கள் நடுங்கின. மாவு ஓரிடத்தில் கட்டியாக விழுந்தது, அடுத்த இடத்தில் விழவேயில்லை. "மூணு வருஷமா இப்படித்தான். கல்லு மாவு தானா வழிஞ்சிரும், கை நடுங்குறது தெரியாது. அரிசி மாவு விரல்ல ஒட்டிக்கிட்டு என்னயக் காட்டிக் குடுத்துரும். பெரிய கோலக்காரின்னு பேர் வாங்கிட்டேன். கை போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

சவரிநாதன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. ஆறு நாள் அந்த அம்மாளின் வாசலில் படுத்துக் கிடந்து, மாவைப் பெரிதாக்கிப் பார்த்தவர், கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "தப்புதான்க்கா" என்று மட்டும் சொன்னார். பங்கஜவல்லி விளக்கேற்ற உள்ளே போனார். மாவுப் பை வாசலிலேயே கிடந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் முதல் பூசைக்குப் போய்விட்டு இருவரும் திரும்பி நடந்தார்கள். தெரு முனை வந்ததும் அமலராணியின் நடை தளர்ந்தது. வாசலைப் பார்க்க அவளுக்குப் பயம். சவரிநாதனுக்கு அவளைவிடப் பயம்.

வாசலில் நட்சத்திரம் இருந்தது.

சின்ன நட்சத்திரம். ஐந்து முனையும் ஐந்து திக்கில் போயின. கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, நாலு இடத்தில் விட்டுப் போயிருந்தது. அமலராணி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் பங்கஜவல்லி வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வாசலிலும் அதே மாதிரி கோணல்மாணலாக, ஊரே பார்க்க, ஒரு சின்னக் கோலம்.

"தம்பி, கோடு எப்படி இருக்கு? நீ உன் மிஷின்ல பாத்துத்தான சொல்லுவ? பாத்துச் சொல்லு."

சவரிநாதன் கேமராவை எடுத்துவந்து, புது வேட்டி சட்டையோடு அப்படியே தரையில் படுத்தார். சட்டை அழுக்காகும் என்று சொல்ல வாயெடுத்த அமலராணி சொல்லாமல் விட்டாள். திரையில் கை நடுங்கிய ஒவ்வோர் இடமும் மாவுக் குவியலாகத் தெரிந்தது. ஒரு குவியலின் அடியில் எறும்பு ஒன்று தன் தலையைவிடப் பெரிய துணுக்கைக் கவ்விப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை அழுத்தினார். ஆசைப்பட்ட படம் கிடைத்துவிட்டது.

"கேக்குறேன்ல தம்பி? கோடு எப்படி?"

அவர் தலையைத் தூக்கினார். "நேரா இருக்குக்கா. ஒரு கோணல் இல்ல."

அமலராணி திரும்பிப் புருஷனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். பங்கஜவல்லி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா" என்றார். "இந்தத் தெருவுல மூணு வருஷமா நான் ஒருத்தியே பொய் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். இப்பதான் தொணைக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கு."