சிவப்புத் துணி கட்டிய பாட்டில்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் தாமான் குடியிருப்பில் குப்பைத் தொட்டிகள் வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜிகினாக் காகிதம், ரிப்பன், பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் பிறந்ததும் வீட்டில் அறிவித்துவிட்டேன்: இந்த முறை கடையில் வாங்கிய பரிசு ஒன்றுகூட நம் வீட்டிலிருந்து போகாது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் என் கணவருக்கு எதையும் எதிர்க்கத் தெம்பு கிடையாது. குப்பை மந்திரி உத்தரவு போட்டாச்சு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இஞ்சி வைன் காய்ச்சிக் கொடுப்பதாக முடிவு. வைன் என்பது பெயருக்குத்தான். இஞ்சி, சீனி, எலுமிச்சை, கொஞ்சம் கிராம்பு, அவ்வளவே. தெரிந்தவர்களிடமெல்லாம் காலிக் கண்ணாடி பாட்டில் கேட்டேன். சிம்பாங் ரெங்கத்தில் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் என் அண்ணன், ஒரு சாக்கு நிறைய அனுப்பி வைத்தார்.

அதில் ஒன்று சதுர பாட்டில். கழுத்தில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். திறந்தபோது ஒரு நாற்றம் வந்தது. மண்ணெண்ணெய் போலவும் இல்லை, அழுகல் போலவும் இல்லை. சோப்பு போட்டேன், எலுமிச்சைத் தோல் போட்டேன், சுடுதண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன். மூன்றாம் முறையும் லேசாக இருந்தது. கணவர் மோந்து பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போடச் சொன்னார். கண்ணாடியில் எந்த வாசமும் தங்காது, கற்பனை பண்ணாதீர்கள் என்றேன். ஒரு பாட்டிலைக் குப்பையில் போட்டால் தோற்றுப்போனது போல இருந்திருக்கும் எனக்கு. அந்த வருடம் எனக்கு அப்படி ஒரு திமிர்.

பதினான்கு பாட்டில் நிரம்பியது. பழைய பாத்திக் துணியைக் கிழித்து ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்டினேன். சதுர பாட்டில்தான் எல்லாவற்றிலும் அழகாக அமைந்தது. அதனால் அதை எங்கள் சபையைச் சேர்ந்த, தனியாக வசிக்கும் ஓர் அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தார். எத்தனை பேர் சாப்பிட வருகிறோம் என்று கேட்டார், ஆடு சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டார்.

"அந்தச் சாக்குல, கழுத்துல சிவப்புத் துணி கட்டுன பாட்டில் ஒன்னு இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"அது கொட்டாயில வச்சிருந்தது மா. புல் மருந்து ஊத்துற பாட்டில். உங்க அண்ணி தெரியாம சேத்துப் போட்டுட்டா. தூக்கிப் போட்டுட்ட இல்ல?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். நானும் அண்ணனும் ரெங்கம் பக்கத்தில் ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டத்தில் புல்லைக் கொல்ல அடிக்கும் விஷ மருந்தைப் பெரிய தோங் பீப்பாயிலிருந்து சிரப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அதைத் தொடக் கூடாது என்று தெரியும். அதைத்தான் நான் யோசிக்காமல் என் கையால் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளி விடுமுறை, சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகும் வண்டிகள் எங்கள் சாலை வரை நின்றன. மூன்று முறை கழுவியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுவியும் நாற்றம் போகவில்லையே என்று இன்னொரு பக்கம் மனது சொன்னது.

அக்கா கதவைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் நன்றாகத்தான் இருந்தார், போன் சார்ஜில் கிடந்திருக்கிறது. பாட்டில் எங்கே என்று கேட்டேன். தனக்கு வயிற்றுப்புண், இஞ்சி ஒத்துக்கொள்ளாது என்றார். பரிசாக வந்ததை வீணாக்காமல் உதவுகிற இடத்துக்குக் கொடுப்பதுதான் எங்கள் சபையில் வழக்கம். நானே அந்த மாதம் அதைப் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் பேசியிருந்தேன். அக்கா அதைக் கீழ் மாடி வீட்டில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டு மகள் பிள்ளை பெற்று பன்னிரண்டு நாள். பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சி நல்லதாயிற்றே என்று நினைத்திருக்கிறார்.

கீழே இறங்கினோம். வீடு பூட்டியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு கவிழ்ந்து கிடந்தது. காலையிலேயே அவசரமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் அக்காவும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அக்கா ஜெபித்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் களைப்பாகச் சிரித்து எங்களை உள்ளே கூப்பிட்டாள். மேசைமேல் சதுர பாட்டில் இருந்தது. பாதிதான் மிச்சம்.

"நீங்கதான் செஞ்சீங்களா ஆன்ட்டி? காலையில ஒரு கிளாஸ், ராத்திரி ஒரு கிளாஸ் அம்மா குடுக்குறாங்க. கொஞ்சம் மருந்து வாசம் வருது. பத்தியம்னா அப்படித்தான இருக்கும்."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். உள்ளதைச் சொன்னேன். அவள் அம்மா குனிந்து, மகளின் மார்பிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுத்தார். பிள்ளை வீறிட்டது.

என் காரிலேயே எல்லோரும் மருத்துவமனைக்குப் போனோம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டோம். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தம் எடுத்தார்கள், சில நாள் வைத்துப் பார்த்தார்கள். பாட்டிலில் தங்கியிருந்தது மிகக் கொஞ்சமாம், உறுப்பு எதற்கும் பாதிப்பில்லை என்றார்கள். முடிவு வரும் வரை தாய்ப்பால் கூடாது என்று புட்டியில் டின் பால் கொடுத்தார்கள். நான் கிறிஸ்துமஸ் அன்று சபை ஆராதனைக்குப் போகவில்லை, அந்த வார்டு வாசலில்தான் இருந்தேன். அந்தப் பெண் என்னிடம் கடைசிவரை கோபப்படவில்லை.

இனி பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அங்கே நின்றிருந்தேன். அவள் பிள்ளையை ஆசையாக வாங்கி மார்பில் சேர்த்தாள். புட்டிக்குப் பழகிவிட்ட பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பத் திரும்ப முயன்றாள். வீட்டுக்குப் போயும் ஒரு மாதம் முயன்றாளாம். அது கடைசிவரை அவளிடம் குடிக்கவே இல்லை.