ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு கட்டம்

கணவன் இறந்து மூன்று வருடம் ஆன பிறகும் அவள் மாமனாரோடு அதே வீட்டில்தான் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. கூடம் அவருக்கு, படுக்கையறை அவளுக்கு என்று யாரும் சொல்லாமலே வீடு பிரிந்துபோயிருந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்து வாக்கியம் பேசிக்கொள்வார்கள். சாப்பாடு மேஜையில் இருக்கிறது, கிளம்புகிறேன், சாவி எடுத்துக்கொண்டேன், வண்டிக்குச் சார்ஜ் போட்டாயிற்றா.

அவருடைய முழங்கால்கள் இரண்டும் கைவிட்டபோது மகன் வாங்கிக்கொடுத்த பேட்டரி வண்டி அது. நான்கு சிறிய சக்கரம், ஒற்றை இருக்கை, முன்னால் கைப்பிடி. நடந்து போகிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். மகன் இருந்தவரை அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். அதன்பிறகு தினமும் பிளக்கைச் சொருகுவதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில் பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. போன் வீட்டில் மேஜைமேல் கிடந்தது. தெரியாதவர்களிடம் உதவி கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டு மணி நேரம் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு இறங்கித் தள்ளினார்; சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் அவரை மட்டும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். கதவைத் திறந்த அவளைப் பார்த்து, "வண்டி அங்கயே நிக்குதும்மா" என்றார் மாமனார். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அவர் வெளியே போனதையே அவள் கவனித்திருக்கவில்லை. மத்தியானம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துவது அவள் வேலை. எள்ளளவு திருகாணியைக்கூடக் கை நடுங்காமல் முடுக்குகிறவள். தன் வீட்டுக் கூடத்தில் நிற்கும் வண்டியின் இருக்கையை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

சக்கர நாற்காலிகள் பழுது பார்க்கிற ஒருவர் கடைத்தெருவில் இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு வயர் தொங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் வயர்காரர். மறுநாள் பாலத்து மேட்டிலிருந்து வண்டியை ஏற்றிவந்து அவர் இருக்கையைத் தூக்கியதும் பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது தெரிந்தது. பேட்டரிகளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றார். சார்ஜ் காட்டும் மீட்டரில் மூன்று கட்டம் எரிந்ததாக மாமா சொன்னாரே என்று அவள் கேட்டாள்.

"சமதரையில அது பொய் சொல்லும். மேட்டுல ஏறும்போது பாருங்க, அப்பதான் உண்மை தெரியும்."

சக்கரம் ஏன் அசையவில்லை என்பதையும் அவரே காட்டினார். பின்புறம், தரைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லீவர் இருந்தது. அதைக் கீழே தள்ளினால் மோட்டார் பிடியை விட்டுவிடும், யார் வேண்டுமானாலும் ஒரு கையால் உருட்டிப் போகலாம். மூன்று வருடம் அது கண்ணெதிரே இருந்திருக்கிறது.

புதுப் பேட்டரிகள் வந்தன. அவள் ஒரு நோட்டுப் போட்டாள். கிளம்பும்போது எத்தனை கட்டம், திரும்பும்போது எத்தனை கட்டம், டயரில் காற்று எப்படி. தினமும் சாயங்காலம் அவளே கேட்டு எழுதிக்கொள்வாள். மாமனார் சளைக்காமல் பதில் சொன்னார். பேச்சு நாளைக்கு ஏழெட்டு வாக்கியம் ஆனது.

ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வாரநாட்களில் படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார். ஒரு கட்டம்தான் குறையும். படிப்பகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு கட்டம் குறைந்திருந்தது.

எங்கே போகிறார் என்று கேட்டாள். சும்மா ஒரு சுற்று என்றார். வண்டி நின்றால் எங்கே தேடி வருவது, வழி தெரிந்தால்தானே ஏற்பாடு செய்ய முடியும் என்று அவள் விடாமல் கேட்கவும், ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு ரயில் பாலத்து மேட்டைத் தாண்டி, பஸ் டிப்போவைச் சுற்றி, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போய், ஏரியை இரண்டு தடவை வளைத்துத் திரும்பி வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"அங்கெல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்களா மாமா?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

அவர் தாளைத் திருப்பிக் காலண்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நீ வீட்ல இருக்க. நான் கூடத்துல இருந்தா நீ ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிற. நாலு மணி நேரமாவது வீடு உனக்கு இருக்கட்டுமேன்னுதான்."

அவள் அறைக்குள் கிடந்ததே அவருக்காகத்தான். தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மகன் ஞாபகம் வருமே என்று கண்ணில் படாமல் இருந்தாள். அவர் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம், வெறும் கூடத்துக்கு இந்தப் பக்கம் கதவு சாத்தியே கிடந்திருக்கிறது. தாளை வாங்கிக்கொண்டு, வழியில் நாலு இடங்களை எண் போட்டுக் குறித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வழி முழுக்க நடந்தாள். மருந்துக் கடை, டயர்க் கடை, ஏரிக்கரையில் செடி விற்கும் நர்சரி, பெட்ரோல் பங்க். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இப்படியொரு பெரியவர் வருவார், வண்டி நின்றுபோனால் இந்த மஞ்சள் லீவரைத் தள்ளி ஓரமாக உருட்டிவிடுங்கள் என்று கைப்பேசிப் படத்தைக் காட்டிச் சொன்னாள். கண்ணாடிக் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வேன்காரரிடம், கூப்பிட்டால் வந்து வண்டியை ஏற்ற ஒரு பலகை வைத்துக்கொள்ளச் சொன்னாள். வண்டிக் கூடையில் தண்ணீர், குடை, எண்கள் எழுதிய அட்டை எல்லாம் ஏறின. போனைக் கயிற்றில் கோத்து மாமனார் கழுத்தில் மாட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி இருக்கிறது என்றார் அவர். ஆனால் கழற்றவில்லை.

ஆறு வாரம் கழித்து போன் வந்தது. "மூணாம் நம்பர் இடத்துல நிக்கிறேன்" என்றார், ஏதோ அலுவலகத்தில் தகவல் சொல்பவர்போல. பின் டயரில் ஆணி. நர்சரிக்கார அம்மாள் லீவரைத் தள்ளி, வண்டியை அவரோடு நிழலுக்கு உருட்டி வைத்திருந்தாள். வேன் வர ஒரு மணி நேரம் ஆகும். மருமகள் வந்து அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சவ ஊர்வலம் கிளம்பிய அன்றைக்குப் பிறகு இருவரும் இவ்வளவு நேரம் அருகருகே இருந்ததில்லை. தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே, தான் அறையில் அடைந்து கிடப்பது ஏன் என்பதைச் சொன்னாள்.

அவர் கையெட்டிய செடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "உன்னைப் பாக்காதப்பவும் அவன் ஞாபகம் வருதேம்மா" என்றார்.

அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அறைக் கதவு திறந்திருந்தது. சாப்பிடுவது மட்டும் அவரவர் நேரத்தில்தான். தனியாக எத்தனை நாள் இருப்பாய், இங்கே வந்துவிடு என்று அவளுடைய அண்ணன் வழக்கம்போல் கூப்பிட்டான். தனியாக இல்லையே என்று சொல்ல வந்தவள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் மோட்டாரில் கோளாறு வந்து, வயர்காரர் வண்டியை மூன்று நாள் கடையில் வைத்துக்கொண்டார். மாமனாருக்கு வெளியே போக வழியில்லை. முதல் இரண்டு நாளும் அவள் வேலை முடிந்து வரும்போது விளக்குப் போடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவள் விளக்கைப் போட்டதும் அவராகவே பேசினார்.

"சின்ன வயசுல அவன் தூக்கத்துல பேசுவான். கல்யாணத்துக்கு அப்புறமும் பேசுனானா?"

"பேசுவாரு மாமா."

என்ன பேசுவான் என்று கேட்பார் என்று அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவர் கேட்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானாகவே சொல்லத் தொடங்கினாள்.