மேல இருக்கு

ராசிங்காபுரத்தில் என் தங்கை வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றபோது நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். தங்கையா அண்ணன் இறங்கவில்லை. போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிறவர் அவர். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாய் பேசிக்கொண்டு வரும். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என் கை நின்றுவிட்டது.

"பேச்சியக்கா போயிருச்சு தாயி" என்றார். "வெள்ளன நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லியிருக்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வெரசா ஏறு. ஒன்னிய எறக்கிவிட்டுட்டு நான் மேல போயிச் சொல்லணும்."

மாவுக் கையோடு ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் அந்தக் கிட்டங்கியில் என்னோடு உட்கார்ந்து ஊசி பிடித்த உங்களுக்கு, பேச்சியக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஊர் தன் பாட்டைப் பார்க்கப் போய்விட்டது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத்தான் மிஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது.

எல்லாம் ஒரு சாக்கில் ஆரம்பித்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழை மாதம். கிட்டங்கியில் சொளகை மடியில் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்லத்தாய் வந்து நின்றாள். மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள். காய் மூட்டையோடு மூட்டையாகத் தங்கையா அண்ணன் ஜீப்பில் இறங்கியிருந்தாள். பிள்ளையைச் சுற்றியிருந்தது கோணிச் சாக்கு. பேச்சியக்கா எழுந்து போய்ப் பிள்ளையை மோந்து பார்த்தாள். "என்னடி இது, புள்ள மேல ஏலக்கா வாசம் அடிக்குது" என்றாள். "மேல ஒரே தணுப்பாக்கும் அக்கா. இது ஒண்ணுதான் கெட்டியா இருந்துச்சு" என்றாள் செல்லத்தாய். யாரும் சிரிக்கவில்லை. சொளகை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன அக்கா, இரண்டு பழைய சேலைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் அந்தத் தெருவில் தையல்காரி. "இதை ரெண்டையும் சேத்துக் கெட்டியா ஒண்ணு தச்சுக் குடு. இப்பவே" என்றாள். அதுதான் எங்கள் முதல் போர்வை.

அதற்கு அடுத்த ஞாயிறு நாலு பேர் உட்கார்ந்தோம். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர். விடுமுறை நாளில் கிட்டங்கியைத் திறந்துவிட முதலாளியைச் சம்மதிக்க வைத்ததும் அக்காதான். ஊரில் பழைய சேலை, கிழிந்த வேட்டி, என் மிஷினுக்கு அடியில் விழும் வெட்டுத்துணி எல்லாம் அங்கே வந்து சேரும். துண்டு துண்டாக ஒட்டித் தைப்பதால் அதற்கு ஒட்டு என்றே பெயர் நிலைத்தது. முடிந்த ஒட்டுகளைத் தங்கையா அண்ணன் மேலே கொண்டு போய் யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ அங்கே கொடுத்துவிட்டு வருவார்.

ஆரம்பத்தில் எங்களுக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. போடியில் இலவம்பஞ்சுக்கா பஞ்சம்? சேலைக்கு நடுவில் பஞ்சை அடைத்துப் புசுபுசுவென்று தைத்து அனுப்பினோம். பெருமை தாங்கவில்லை. அடுத்த முறை தங்கையா அண்ணன் இறங்கி வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அக்கா, போர்வையை ஓடையில தொவைச்சிருக்காக. பஞ்செல்லாம் ஒரு மூலைக்குப் போயிருச்சு. இப்ப அது தலகாணி." அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப தலைக்காச்சும் ஆச்சுல்ல" என்றாள். அன்றிலிருந்து பஞ்சை விட்டோம். சேலை மேல் சேலை வைத்து ஓட்டுத் தையல் போடுவதோடு சரி.

உள்ளதைச் சொன்னால் அக்காவுக்குத் தையல் வராது. நான் வரைகோல் வைத்துக் கோடு கிழித்துக் கொடுத்தாலும் அவள் ஊசி அந்தக் கோட்டை விட்டு இறங்கி, ஊரெல்லாம் சுற்றி, எங்கோ போய்ச் சேரும். பிரித்துத் தைக்கச் சொன்னால் கோபம் வரும். "என் தையல் போடிமெட்டு ரோடுடி. வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். ஆனா மேல போயிச் சேந்துரும்" என்பாள். யார் கதை பேசிக் கை ஓய்ந்தாலும், "பேச்ச விடுங்கடி, வெரசா தைங்க. அங்கன குளிருது" என்பாள். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் அதையே சொல்வாள். அவளுக்கு மட்டும் அந்தக் குளிர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

இறந்தவர்களின் துணி வரத் தொடங்கியபோது எங்களுக்குள் சங்கடம் வந்தது. பச்சைப் பிள்ளைக்குப் போர்த்துகிற துணியாயிற்றே என்று நாங்கள் தயங்கினோம். அக்கா ஒரு பட்டுத் துண்டை எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இது எங்கிட்டு இருந்து வருது? செத்த புழுதான. இதைக் கட்டிக்கிட்டுத்தான எல்லாரும் மணவறையில ஒக்காந்தீக? வெந்நியில அலசுங்க, சரியாப் போகும்." வெந்நீர் வைக்கப் போனோம்.

மற்றவர்களுக்குச் சொன்ன நியாயத்தைத் தன் விஷயத்திலும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குத்தான் பெரிய விலை கொடுத்தாள்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் சிலமலை. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. பிறந்த வீடு என்று இருந்தது தாயும் கருப்பணன் என்ற ஒரே அண்ணனும்தான். தாய் இறந்தபோது அவளுடைய அரக்குச் சுங்குடியை மகளுக்கென்று கொடுத்தார்கள். அவர்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட சேலையைப் பெட்டியில் வைத்திருந்து, வருஷா வருஷம் படையலுக்கு எடுத்து வைத்துக் கும்பிடுவது வழக்கம். அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்தது. செல்லத்தாய்க்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருப்பதாகத் தங்கையா அண்ணன் வந்து சொன்னார். கிட்டங்கியில் ஒரு கிழிசல்கூட மிச்சமில்லை. அக்கா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அந்தச் சேலையை என் மிஷின் பலகையில் விரித்து, கத்தரிக்கோலை என்னிடம் கொடுக்காமல் தானே வெட்டினாள். வெட்டும்போது அழுதாள். தைக்கும்போது அழவில்லை.

படையலுக்குச் சேலை கேட்டுக் கருப்பணன் அண்ணன் வந்தார். "ஆத்தா சேலை எங்க இருக்கும்மா?" என்றார். "மேல இருக்குண்ணே" என்றாள் அக்கா. எங்களுக்கு மேல என்றால் மலைதான். சிலமலையில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரியான அவருக்கு மேல என்றால் பரண். பாவம், ஏணியைச் சாத்தி ஏறிப் பரணில் பித்தளைப் பானைகளை எல்லாம் உருட்டித் தேடினார். "இங்கன ஒண்ணும் இல்லயே ஆத்தா" என்று அங்கிருந்து கேட்டார். "அந்த மேல இல்லண்ணே. போடிமெட்டுக்கு மேல" என்றாள் அக்கா. சேலையை வெட்டிய கதையைக் கேட்டுக்கொண்டே அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒட்டடை படிந்த முகத்தோடு வாசலில் நின்று சொன்னார்: "பெத்தவ சேலைய அறுத்து எவளுக்கோ போத்திவிட்டுட்டேல்ல. நீ செத்தா ஒனக்கு நான் கோடி கொண்டு வரமாட்டேன்."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடி என்றால் புதுத்துணி. ஒரு பெண் இறந்தால், எத்தனை பேர் சேலை போட்டாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்து விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். அது வராதவள் நாதியற்றவள். ஓர் அண்ணன் தங்கையைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொற்களில் இதைவிடக் கொடியது இல்லை.

அதற்குப் பிறகு அவர் போடிக்கு வரவில்லை. அக்கா இரண்டு முறை சிலமலைக்குப் போய், கதவு திறக்காமல் திரும்பி வந்தாள். எங்களிடம் சிரித்தபடி, "வராட்டிப் போகுது. செத்தவளுக்குக் குளிரவா போகுது?" என்பாள். சிரிப்பை நம்பியவர்கள் நம்பினார்கள். சிலமலை பஸ் தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்டால் அவள் கையில் ஊசி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கொழுந்தன் மகன் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். சிலமலைக்கு ஆள் போய் வந்துவிட்டது. கருப்பணன் அண்ணன் முதல் பஸ்சிலேயே வந்து தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. நேரம் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சேலை எடுத்துப் போடுகிறோம் என்றேன். "நீங்க போடலாம்மா. அது பொறந்த வீடு ஆகுமா?" என்றார் தெருப் பெரியவர் ஒருவர். அவர் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் போர்த்திவிட்டவள் கோடி விழாத உடம்பாகக் கிடந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தங்கையா அண்ணன் ஜீப் வந்தது. செல்லத்தாய் இறங்கினாள். மார்போடு ஒரு ஒட்டை அணைத்திருந்தாள். துவைத்துத் துவைத்து அரக்கு நிறம் மங்கிய சுங்குடி, ஓரமெல்லாம் கோணல் தையல். "மாலை வாங்கக்கூடத் தோணலக்கா. இதுதான் கையில வந்துச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதை அக்காவின் காலடியில் வைத்து அழுதாள். அவளுக்குக் கோடி விவகாரம் எதுவும் தெரியாது.

டீக்கடையிலிருந்து கருப்பணன் அண்ணன் எழுந்து வந்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து போர்வையின் ஒரு மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுப்புப் பொறி பட்டு ஓட்டையான இடத்தை அவர் தாய் கறுப்பு நூலால் இழுத்துத் தைத்திருந்த இடம் அது. நாங்கள் அதைப் பிரிக்காமல் அப்படியே ஒட்டியிருந்தோம். "ஆத்தா" என்றார். தாயைச் சொன்னாரா, தங்கையைச் சொன்னாரா, தெரியாது. பிறகு போர்வையை உதறி, காலிலிருந்து கழுத்துவரை அக்காவுக்குப் போர்த்தினார்.

"பழந்துணிய எப்படிப்பா கோடின்னு சொல்றது?" என்றார் பெரியவர்.

"எங்க ஆத்தா சேலைய்யா. பொறந்த வீட்டுலருந்து வந்தாச்சு. தூக்குங்க" என்றார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே பாடையை இறக்கினார்கள். கருப்பணன் அண்ணன் போர்வையை எடுத்து நிதானமாக நாலாக மடித்தார். செல்லத்தாயைத் தேடி வந்து அவள் கையில் வைத்தார்.

"கொண்டு போ தாயி. மேல குளிரும்."

செல்லத்தாய் வாங்கிக்கொண்டாள். "வெந்நியில அலசிக்கிறேண்ணே" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேல என்ற அந்த ஒரு சொல்லை அவர் இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு கிட்டங்கி திறந்தோம். அக்கா பாதியில் விட்ட ஒட்டு கிடந்தது, ஊசி குத்தியபடி. யாரும் தொடவில்லை. பிறகு நான்தான் எடுத்தேன். மேலே ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளைப் போலவே வளைத்துத் தைக்கலாம் என்று பார்த்தேன், என் கைக்கு வரவில்லை. அவள் கோணல் பாதி தூரம் வந்து நிற்கிறது, அங்கிருந்து என் நேர்கோடு போகிறது. அப்படியே அனுப்பிவிட்டேன். குளிரில் இருப்பவர்களுக்குப் போக வேண்டியதை நினைவுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ள அக்கா விடமாட்டாள்.

நான் வைத்துக்கொண்டது ஒரு சொல்தான். விஷயம் தெரியாத எஸ்டேட்காரி ஒருத்தி நேற்று என் வாசலில் வந்து, "பேச்சியக்கா எங்கக்கா?" என்று கேட்டாள். மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "மேல இருக்கு."